மல்லூருக்கு முன்னால் நின்ற வண்டி

என் அருமைச் சகலை அர்த்தநாரிக்கு,

உனக்குக் கடிதம் எழுதும் நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நீ இருந்தவரை நமக்குள் கடிதத்துக்கு ஏது வேலை? ராசிபுரத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். என் பாவாயி குழம்பு தாளித்தால் அவள் தங்கை செல்லம்மாளுக்கு உன் வீட்டு அடுப்படியில் தும்மல் வரும். அந்த இரண்டு பேரால் வந்த உறவு நம்முடையது. ஆனால் கரி வண்டியில் சேர்ந்து புகை குடித்த பிறகு அது வேறொன்றாகிவிட்டது. அதுவரை 'வாங்க சகலை, போங்க சகலை' என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். எந்த ஊர்ச் சாலையில் அந்த 'ங்க' உதிர்ந்து விழுந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை.

முதலில் வீட்டுச் சேதி சொல்கிறேன். உன் முதல் திதி போன மாதம் வந்து போயிற்று. செல்லம்மாள் உனக்குப் பிடிக்கும் என்று கச்சாயம் சுட்டு இலையில் வைத்தாள். காக்கை வரத் தாமதமானபோது, "அவரு எதுக்குத்தான் அவசரப்பட்டாரு, நிதானமா வரட்டும்" என்றாள். சிரிப்பது போலத்தான் சொன்னாள். பிறகு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. உன் மகள் மரகதம் பள்ளிக்கூடம் போகிறாள். உன்னைப் போலவே எதையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள்.

உலகச் சண்டை முடிந்துவிட்டது, சகலை. நீ கேட்காமல் போன சேதி அது. ஆனாலும் பெட்ரோலை இன்னும் எண்ணெய்க் கடைக்காரர் மாதிரி அளந்துதான் ஊற்றுகிறார்கள். நூலும் அப்படித்தான். என் தறிகளில் பாதிக்குத்தான் பாவு கிடைக்கிறது. அதனால் நம் கரி வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். இளம்பிள்ளைக்குச் சேலை மூட்டை, சேலத்துக்கு ஆள், நாமக்கல்லுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் என்று எது வந்தாலும் சரி.

இதையெல்லாம் சொல்ல நான் எழுத உட்காரவில்லை. போன வியாழக்கிழமை புதுச்சத்திரத்துப் பொன்னுசாமி வந்தார். அவர் சொன்னதை நீ கேட்டே ஆகவேண்டும். நம் ஊரில் அச்சுக்கூடம் வைத்திருப்பவர் தம் மாதப் பத்திரிகையில் இதைப் போடுவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். பொன்னுசாமியும் சம்மதம் சொல்லிவிட்டார். உன்னைப் பற்றிப் பேசியவர்களும் படிக்கட்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நீ மறக்காத அந்த நாளின் காலையில் புதுச்சத்திரத்தில் டிரெய்லரின் இடது சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. நம் காரின் பின்னால் வாலைப் போல வந்த அந்தச் சின்ன டிரெய்லரை இப்போது பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு சக்கரம், அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய், அதற்குள் கனலும் கரி. கரியிலிருந்து கிளம்பும் வாயு குழாய் வழியாக முன்னால் என்ஜினுக்குப் போகும். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் அந்த வால்தான் வண்டிக்கு உயிர். வால் விழுந்தால் தலையும் நின்றுவிடும்.

மாற்றுச் சக்கரத்தைப் பூட்டிவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தோம். பொன்னுசாமி ஓடிவந்தார். அவர் மனைவி காவேரிக்கு முந்தின நாளிலிருந்தே வலி. ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

"சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்கன்னு சொல்றாங்க. கொஞ்சம் வாரீங்களா?" என்றார்.

நீ கூலி பேசவில்லை. பீப்பாயில் கரியைக் கொட்டி, கனல் பிடிக்கக் காற்றாடியைச் சுற்றி, கையிலிருந்த கொஞ்சப் பெட்ரோலையும் கிளப்புவதற்கே செலவழித்தாய். காவேரியைப் பின்னிருக்கையில் படுக்க வைத்தோம். தலைமாட்டில் அவளுடைய தாய் உட்கார்ந்துகொண்டார். கால்மாட்டில் பொன்னுசாமி குந்திக்கொண்டார். முன்னால் நீயும் நானும்.

சாலை உனக்குத் தெரியும். குழிக்கு நடுவில் கொஞ்சம் சாலை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அவளுடைய தாய், "மெதுவாப் போ சாமி" என்பார், மறு நொடியே "வேகமாப் போ சாமி" என்பார். இரண்டையும் நீ கேட்டாய். இரண்டுக்கும் "ஆகட்டுமுங்க" என்றாய்.

ஆண்டகளூர் தாண்டி, மல்லூர் வருவதற்கு முன்னால், ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம்கட்டினாய்.

"ஏன் சகலை?" என்று கேட்டேன்.

"காத்தால மாத்துன சக்கரம். கொஞ்ச தூரம் ஓடுனதும் நட்டு எளகும். ஒருக்காத் திரும்ப முடுக்கீட்டா முடிஞ்சுது."

வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரத்து வேலை என்று நானும் இறங்கினேன். சக்கரத்தின் நட்டுகள் ஸ்பேனருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தன. எதிரும் புதிருமாக ஒவ்வொன்றாக இறுக்கினாய். பக்கத்துப் பக்கத்து நட்டை வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும் என்று நீ எப்போதும் சொல்வாய். எழுந்திருக்கப் போகும்போது, நடுவிலிருந்த குடத்தின்மேல் உன் கை பட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாய். என்னைப் பார்த்தாய். நானும் தொட்டேன். தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

நீ ஜாக்கியை எடுத்தாய். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினாய். ஆடும் பல் மாதிரி ஆடியது. குடத்து மூடியைக் கழற்றினால், உள்ளிருக்கும் பெரிய நட்டு நகர்ந்துவிடாமல் குறுக்கே மாட்டியிருக்கும் பின், பாதியில் அறுந்து கிடந்தது. கிரீஸில் இரும்புத் தூள் வெயிலுக்கு மினுங்கியது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் அந்தச் சக்கரம் தனியாகவும் நாம் தனியாகவும் போயிருப்போம். கனலும் கரிப் பீப்பாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்றைக்கும் பயம்.

அப்போதுதான் காவேரியின் தாய் இறங்கி வந்தார்.

"என்ன பண்ணிக்கிட்டிருக்கற? எம் புள்ள உள்ள துடிச்சிட்டுக் கெடக்கறா."

"சக்கரம் கழண்டுக்குமுங்க அம்மா. செரி பண்ணாம ஓட்டக்கூடாதுங்க."

"வாலக் கழட்டிப்போட்டுட்டு பெட்ரோல்ல ஓட்டு."

"பெட்ரோல் இல்லீங்க. கெளப்பறதுக்கே தீந்துபோச்சு."

"அப்பச் சீக்கிரம் முடுக்கு. எதுக்கு இப்பிடிச் சுத்திச் சுத்திப் பாக்கற?"

நீ சுற்றிச் சுற்றித்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். பழைய கிரீஸை வழித்துப் புதியது அப்பிவிட்டு, இடது கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே வலது கையால் குடத்து நட்டை இறுக்கினாய். சக்கரம் கனத்துச் சுற்றத் தொடங்கியதும் நிறுத்தினாய். பிறகு அதே நட்டை ஒரு பல் அளவுக்குப் பின்னால் தளர்த்தினாய். அதைப் பார்த்ததும் அந்தத் தாய்க்கு ஆத்திரம் தாங்கவில்லை. இறுக்கினதை எதற்கு மறுபடி அவிழ்க்கிறாய் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு அது எப்படித் தெரியும்? விட்டுக்கொடுக்காமல் இறுக்கினால் உள்ளிருக்கும் பேரிங் தீய்ந்து, மல்லூர் போவதற்குள் சக்கரம் இறுகிக்கொள்ளும். அதிகமாக விட்டாலோ பழையபடி ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது. நீ அதைத் தேடிக்கொண்டிருந்தாய். அந்தத் தாய் உன் முதுகுக்குப் பின்னால் நின்று, சாமியையும் உன்னையும் மாறிமாறித் திட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்து அவரிடம் பேச்சு வாங்கிக்கொண்டேன்.

புதுப் பின்னைச் செருகி, அதன் இரண்டு நுனியையும் பிரித்து மடக்கி, மூடியைத் தட்டிப் பொருத்தினாய். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு வெளி நட்டுகளை மறுபடியும் ஒரு சுற்று இறுக்கினாய். எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு நாம் எங்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் வண்டி நின்றதும் ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொழுது சாயக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழுகைச் சத்தம் வராந்தாவரை கேட்டது. நீ என் தோளைப் பிடித்து அழுத்தினாய். நல்ல சேதி என்று நாம் இரண்டு பேரும் வண்டிக்குக் கரி போடக் கிளம்பினோம். திரும்பி வருவதற்குள் காவேரி போய்விட்டாள். ரத்தம் நிற்கவில்லை என்றார்கள்.

இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அந்தத் தாய் அழுதுகொண்டே கேட்டார். டாக்டரம்மாள் தலையை ஆட்டியது போல இருந்தது. அது ஆமாம் என்பதா, எனக்குத் தெரியாது என்பதா? நீ அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாய். உடலை ஏற்றிக்கொண்டு நாம் திரும்பினோம். புளியமரத்தைக் கடக்கும்போது நீ முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாய்.

காரியத்தன்று போகவேண்டாம் என்று நான் சொன்னேன். நீ போனாய். வாசலில் நின்ற உன்னைப் பார்த்து அந்தத் தாய் கத்தவில்லை. மெல்லிய குரலில், "உன்ற நட்டு பத்திரமா இருக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் உனக்கு அது கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ?

பிறகு ஊர் பார்த்துக்கொண்டது. 'நட்டுக்காரன் வண்டி' என்றார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி யாரையும் அதில் ஏற்றக்கூடாது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். ராசிபுரத்துக்காரர்கள் என்னிடமே வந்து, "உங்க சகலை அன்னிக்கு எதுக்குங்க நின்னாரு?" என்று கேட்டார்கள். நான் அறுந்த பின்னைப் பற்றிச் சொல்வேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். மறுநாள் வேறு வண்டிக்குச் சொல்லியனுப்புவார்கள். நீ சண்டை பிடிக்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. வண்டியை நிறுத்திவிடவும் இல்லை. சாப்பாட்டைத்தான் பாதியாகக் குறைத்துவிட்டாய்.

மழைக்குப் பின்னால் வந்த விஷக்காய்ச்சல் ஊரில் எத்தனையோ பேருக்கு வந்தது. எனக்கும் வந்தது. எழுந்துவிட்டேன். நீ ஏன் எழுந்திருக்கவில்லை, சகலை? வைத்தியர் காய்ச்சல் என்றார். செல்லம்மாள் அதை நம்பவில்லை.

கடைசிக் காலையில் உனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. செல்லம்மாள் கஞ்சி கொண்டுவரப் போயிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"சகலை, நான் அன்னிக்கு நின்னது தப்பா?"

"தப்பில்ல. நிக்காட்டி எல்லாருமே போயிருப்போம்."

"நெசமாச் சொல்றியா, எனக்காகச் சொல்றியா?"

"நெசம். நானும்தான அந்தப் பின்னப் பாத்தேன்."

"நெசமாவே இருக்கட்டும்" என்றாய். "ஆனா அவ போயிட்டாளே."

கஞ்சி வரும்வரை உன் கையை நான் விடவில்லை. இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நின்றதால் அவள் போனாளா, நின்றதால் அந்தக் குழந்தையாவது வந்ததா? இரண்டும் ஒரே அரைமணிக்குள் இருக்கிறதே, எதைப் பிரித்து எடுப்பது?

இனி நீ கேட்காததைச் சொல்கிறேன்.

பொன்னுசாமி காரியம் முடிந்ததும் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கு மில் வேலைக்குப் போய்விட்டார். ஊரில் இருக்க முடியவில்லையாம். இப்போது குழந்தையைப் பார்க்க வந்த இடத்தில்தான் நீ போன சேதியையும் ஊர் உனக்கு வைத்த பெயரையும் கேள்விப்பட்டிருக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே ராசிபுரம் வந்துவிட்டார். உன் வீட்டு வாசலில் நின்று உள்ளே வரத் தயங்கினார். நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். செல்லம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

துண்டைத் திருகிக்கொண்டே பேசினார்.

"ஏனுங்க, அன்னிக்கு வண்டி நின்னப்ப எங்க அத்தை எறங்கிப் போயி அவரத் திட்டிக்கிட்டிருந்தாங்க. உள்ள நானும் அவளும்தான் இருந்தோம். ஊட்ட உட்டுக் கெளம்புனதுல இருந்து அவளால ஒரு வார்த்த பேச முடியலீங்க. வண்டி ஆட்டம் நின்னதும் வலி கொஞ்சம் உட்டுக் குடுத்துச்சு. எங்கையப் புடிச்சுக்கிட்டா. தண்ணி கேட்டா. 'கெடேரிக்குத் தீவனம் போட்டீங்களா மாமா?'ன்னு கேட்டா. நான் மறந்துட்டேன்னேன். பக்கத்தூட்டுக்காரிகிட்டச் சொல்லியுடுங்கன்னா."

காலை மெல்ல ஆட்டிக்கொண்டார். குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி வழியா அவரப் பாத்துக்கிட்டே இருந்தாளுங்க. 'அந்தண்ணன் ராட்டை சுத்தற மாதிரிச் சுத்திச் சுத்திப் பாக்கறாரு'ன்னு சிரிச்சா. வலியோட சிரிச்சா. நான் எறங்கிப் போயிச் சீக்கிரம் ஆகட்டும்னு சொல்லட்டுமான்னு கேட்டேன். 'வேண்டா மாமா, அந்தண்ணன அவசரப்படுத்தாதீங்க. இப்பத்தான் எனக்கு மூச்சு வருது'ன்னா. பொண்ணு பொறந்தா என்ன பேரு வெக்கறதுன்னும் அப்பத்தான் சொன்னா. பொறவு வண்டி கெளம்பிருச்சு. அதுக்கப்பறம் அவ எங்கிட்டப் பேசவே இல்லீங்க."

துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

"ஊரெல்லாம் அவரு நின்னாரு நின்னாருன்னு பேசுது. அவரு நிக்காம இருந்திருந்தா எனக்கு என்னுங்க இருக்குது? அந்த அரைமணி நேரந்தான் இருக்குது. இத அவருகிட்டச் சொல்லியிருக்கோணும். அந்தப் பேச்சு எனக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கறது, வெளிய சொன்னாக் கரைஞ்சு போயிரும்னு பயந்து வாய மூடீட்டு ஓடிப்போயிட்டனுங்க."

கேட்டாயா, சகலை? ஒரு வருடத்துக்கு முன்னால் வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி கோபம் வந்தது. அந்த மனிதருடைய கையைப் பார்த்ததும் அது போய்விட்டது. மில்லில் ஒரு விரல் நசுங்கிக் கட்டுப் போட்டிருந்தார். அந்தக் கட்டுக் கையால் குழந்தை முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து செல்லம்மாள் வெளியே வந்தாள். ஆண்கள் இருக்கும் கூடத்துக்கு அவள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. நேரே வந்து அவர் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். தூக்கம் கலைந்த குழந்தை அழாமல் அவளையே பார்த்தது.

"உம் பேரென்ன சாமி?" என்றாள்.

குழந்தைக்கு இன்னும் பேச்சுத் திருந்தவில்லை. பொன்னுசாமிதான் சொன்னார்: "தங்காயி. அவ வெச்ச பேரு."

செல்லம்மாள் அந்தப் பெயரை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு உள்ளே தூக்கிக்கொண்டு போய்ச் சோறு பிசைந்து ஊட்டினாள். உனக்குப் பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். சோற்றை ஊட்டிக்கொண்டே அழுதாள். உன் மகள் மரகதம் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

அறுந்த பின்னைச் சொல்லி ஊர் வாயை அடைக்கலாம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது நடக்கவில்லை. நட்டும் பேரிங்கும் தெரியாதவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? பொன்னுசாமி சொன்னது புரிய யாருக்கும் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த நிழலில் நீ குனிந்து வேலை பார்த்த நேரத்தில், உனக்குப் பின்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் தன் புருஷனோடு கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தாள். உன்னைப் பார்த்துச் சிரித்தாள். உன்னை அண்ணன் என்றாள். இது உனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

காவேரியின் தாய்க்கு இதெல்லாம் தெரியாது. பொன்னுசாமி இன்னும் சொல்லவில்லை. தனியாகப் போய்ச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அதுவரை அவரும் குழந்தையும் இங்கேதான் இருக்கிறார்கள்; வரும் வெள்ளிக்கிழமை குழந்தையைக் கொண்டுபோய் விடும்போது நானும் கூடப் போகிறேன். செல்லம்மாளும் வருகிறேன் என்கிறாள். நம் வண்டியிலேதான் போகிறோம். அந்த அம்மாள் வண்டியைப் பார்த்ததும் கதவைச் சாத்தலாம். திட்டலாம். திட்டட்டும், மகளைப் பறிகொடுத்தவர். வண்டி நிற்காவிட்டாலும் அவருடைய மகள் பிழைத்திருக்க மாட்டாள் என்று நான் அங்கே சொல்லப் போவதில்லை, எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வேன்? ஆனால் தீவனம் போடாத கெடேரியை அவள் நினைத்துக்கொண்டதையும், அவள் சிரித்ததையும், அந்தண்ணனை அவசரப்படுத்தாதீங்க என்று சொன்னதையும், அந்தத் தாய் தன் காதால் கேட்கும்வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். கதவு சாத்தியிருந்தால் திறக்கும்வரை இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் செல்லம்மாளுக்கு மாமனும்
உன் மரகதத்துக்குப் பெரியப்பனும்
என்றைக்கும் உனக்குச் சகலையுமான
வையாபுரி